செவில்லாவில் கடைசி நாள்: அல்காசரா, கோர்டோபாவா?

ஸ்பெயினின் செவில்லாவில் ஒரே ஒரு நாள் மிச்சம். கதீட்ரல் பார்த்தாயிற்று, ஹிரால்டா கோபுரம் ஏறி இறங்கியாயிற்று. விமானம் மறுநாள் காலைதான். இப்போது ஒருவர் அல்காசர் அரண்மனை என்பார், மற்றவர் ரயிலேறி கோர்டோபா நகருக்குப் போய் மெஸ்கீத்தா என்ற பழைய மசூதியைப் பார்த்துவிட்டு வரலாம் என்பார். எங்களுக்குள்ளும் அதே கதைதான்: எனக்கு அரண்மனை, கூட வந்த இவருக்கு மசூதி. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஆசை காட்டுபவர்களை நம்ப வேண்டாம். முடிக்கலாம், நின்று பார்க்க முடியாது.

இதற்கு விடை சொல்லும் முன் நான் கேட்பது ஒன்றுதான். கிரனாடா நகருக்குப் போய் அல்ஹம்பிரா அரண்மனையைப் பார்த்துவிட்டீர்களா? பார்த்தவர்கள் கோர்டோபா ரயிலுக்கு டிக்கெட் போடுங்கள். பார்க்காதவர்களுக்கு அல்காசர்.

காரணம் இருக்கிறது. அல்காசரின் நடுநாயகமான மாளிகையை 1364இல் கட்டியவர் முதலாம் பெத்ரோ என்ற கிறிஸ்தவ மன்னர். ஆனால் வேலைப்பாடு முழுக்க இஸ்லாமியப் பாணி. அதே காலத்தில் கிரனாடாவில் அல்ஹம்பிராவை அழகுபடுத்திக்கொண்டிருந்த சுல்தான் ஐந்தாம் முகமது அவருக்கு நண்பர். அங்கிருந்தும் கைவினைஞர்கள் வந்து வேலை செய்ததாகச் சொல்வார்கள். அதனால் அல்ஹம்பிராவில் கண்ட சுண்ணச் சிற்ப வேலை, வண்ண ஓடுகள், மரக்கூரை எல்லாம் இங்கேயும் வரும். முதல் தடவை பார்ப்பவர் வாயடைத்துப் போவார். மூன்று நாள் முன்பு அல்ஹம்பிராவில் இருந்தவரோ, “அங்க பார்த்த மாதிரியே இருக்கே” என்பார்.

இருந்தாலும் அல்காசருக்கு என்று சில இடங்கள் உண்டு. பெத்ரோ மாளிகையின் முகப்பில் கொஞ்சம் நில்லுங்கள். மேலே நீல, வெள்ளை ஓட்டில் கட்டம் கட்டமாக ஒரு கோலம் தெரியும். உண்மையில் அது அரபி எழுத்து. ‘இறைவனைத் தவிர வெற்றியாளர் இல்லை’ என்ற கிரனாடா சுல்தான்களின் வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சுற்றியே கிறிஸ்தவ மன்னரின் பெயரும் பட்டங்களும் பொறித்த வரி ஓடுகிறது. ஒரே சுவரில் இரண்டும்! உள்ளே பொம்மைகள் முற்றம் என்று சின்னதாக ஒன்று. வளைவுகள் தூணைத் தொடும் இடத்தில் விரல் நுனி அளவில் குட்டி முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். எங்கே இருக்கின்றன என்று யாரும் காட்டக் கூடாது, தேட வேண்டும். இவர்தான் முதலில் கண்டுபிடித்தார், வெகுநேரம் எனக்குச் சொல்லவில்லை.

மெஸ்கீத்தா வேறு ரகம். 785 வாக்கில் முஸ்லிம் ஆட்சியாளர் முதலாம் அப்துர் ரகுமான் தொடங்கியது, அதாவது பெத்ரோ மாளிகையைவிட ஏறத்தாழ 580 ஆண்டு மூத்தது. நகாசு வேலையில் அல்காசருடன் அது போட்டி போடுவதில்லை. ரோமானியர், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியர் ஆகியோரின் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்களையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள், இன்று நிற்பவை 850க்கும் மேல். பழைய தூண்கள் குட்டையாக இருந்ததால் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினார்கள். சிவப்புச் செங்கல், வெளிர் கல் என்று மாறி மாறி அடுக்கிய அந்த இரட்டை வளைவுகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை கட்டி நிற்கும்.

அப்புறம் நடுவில் திடீரென்று வெளிச்சமாக ஒரு கதீட்ரல்! ஊர் கிறிஸ்தவர் கைக்கு மாறியபின், 1523இல் அதைக் கட்டத் தொடங்கியபோது, மன்னர் முடிவு சொல்லும்வரை அங்கே வேலை செய்பவர்களுக்கு மரண தண்டனை என்று நகர சபை மிரட்டியது. மன்னர் ஐந்தாம் கார்லோஸ் தேவாலயத்தார் பக்கம் நின்றார். பிறகு நேரில் வந்து பார்த்து, தனித்துவமான ஒன்றைக் கெடுத்துவிட்டீர்களே என்று வருந்தியதாக ஒரு கதை உண்டு. அதே கார்லோஸ் 1526இல் போர்ச்சுகல் இளவரசி இசபெலை மணந்தது செவில்லா அல்காசரில்தான். எங்கள் சண்டையில் இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரே ஆள் இந்தக் கார்லோஸ்தான்.

நேரக் கணக்கில் கோர்டோபாவுக்குக் கொஞ்சம் நஷ்டம். செவில்லாவின் சாந்தா ஹுஸ்தா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் அங்கே இறங்கி மெஸ்கீத்தாவுக்கு இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மாலையாகிவிடும். நுழைவுச்சீட்டு விலையில் பெரிய வித்தியாசமில்லை, இரண்டு பேருக்கு ரயில் கட்டணம்தான் கூடுதல் செலவு. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை மெஸ்கீத்தாவில் குழுவாக இல்லாமல் வருபவர்களுக்கு இலவசம், ஆனால் அதற்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும்.

அல்காசரில் வேறு தொல்லை. டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், சீசனில் நல்ல நேரமெல்லாம் முன்னாடியே போய்விடும். ஊர் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்குப் பல சமயம் கோர்டோபாதான் கதி. கிடைத்தால் காலை முதல் நேரத்தை எடுங்கள். உள்ளே தோட்டத்துக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்கினால் மதியத்துக்கு மேல் நேரம் நம் கையில்.

அந்த மாலைதான் அல்காசர் கட்சியின் பலம். மரியா லூயிசா பூங்கா வழியாக நடந்தால் பிளாசா தே எஸ்பான்யா சதுக்கம். 1929 கண்காட்சிக்காக கட்டடக் கலைஞர் அனிபால் கொன்சாலெஸ் கட்டிய அரைவட்டக் கட்டடம், மாகாணத்துக்கு ஒன்றாக 48 ஓட்டுச் சித்திர இருக்கைகள், கால்வாயில் துடுப்புப் படகு. காசே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடும், படகுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு ஆற்றைக் கடந்து திரியானா பகுதி. அங்கே கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைக்கும் ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ கேளுங்கள், சைவக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். சல்மோரேகோ என்ற குளிர்ந்த தக்காளிச் சூப்பில் பன்றி இறைச்சித் துருவல் தூவித்தான் தருவார்கள், வேண்டாம் என்றால் ‘சின் ஹமோன்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாலு மணிக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், இரவு எட்டு, எட்டரைக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும். இரண்டு ஊரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அல்காசரின் பாதி அழகு திறந்த தோட்டத்தில் இருக்கிறது, மெஸ்கீத்தாவிலோ முற்றம் தவிர மற்றதெல்லாம் கூரைக்குக் கீழே. அப்போது அல்ஹம்பிரா பார்த்தீர்களா என்றுகூடக் கேட்க மாட்டேன், இவர் கட்சிக்கே என் ஓட்டு.