பதினைந்தாம் தேதி: உரிமைத் தொகையோடு 25 மாதம்

போன் வாங்கி இரண்டு வாரம் ஆகுமுன் ரிவ்யூ போட்டுவிடுகிறார்கள். நான் 25 மாதம், 2023 செப்டம்பரிலிருந்து 2025 செப்டம்பர் வரை, வாங்கிச் செலவழித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மாதம் 1,000 ரூபாய், குடும்பத் தலைவிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. எங்கள் தெருவில் யாரும் அந்த முழுப்பெயரைச் சொல்வதில்லை. "ஏட்டி, ரூவா ஏறிட்டா?" என்றால் அதுதான்.

என் வீட்டைச் சொல்லாவிட்டால் கணக்குப் புரியாது. திருநெல்வேலி மாவட்டம், முக்கூடல் பக்கம் கிராமம். பிளஸ் டூ முடித்தேன். ஆனால் பள்ளிக்கூடம் போகும்போதே மடியில் சொளவு (முறம்) ஏறிவிட்டது, இன்றுவரை பீடிதான். வீட்டுக்காரர் கொத்தனாருக்குக் கையாள், வருஷத்தில் பாதி நாள்தான் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார். சொந்த நிலம் ஒரு சென்ட் கிடையாது. அதனால் வருஷம் 6,000 வருகிற பி.எம். கிசானும் கிடையாது. மாமனார் முப்பது வருஷம் குத்தகைக்கு உழுதவர். ஆனால் அந்தப் பணம் உழுதவருக்கு இல்லை, பட்டாக்காரருக்கு. பட்டாக்காரர் வயலை மிதித்து வருஷக்கணக்காகிறது.

2023 ஜூலையில் டோக்கனும் விண்ணப்பமும் வீட்டுக்கே வந்தன. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கர் புஞ்சை 10 ஏக்கருக்கு மேல் கூடாது, கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. இதில் எதுவும் எங்களை இடிக்கவில்லை. இடித்தது அத்தையின், அதாவது மாமியாரின், முதியோர் பென்ஷன். "ஒங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு வருதே" என்று முகாமில் திருப்பி அனுப்பினார்கள். ஆகஸ்டில் அந்த விதியைத் தளர்த்தினார்கள், மறுபடி போய் எழுதிக் கொடுத்தேன். இடையில் அந்த மூன்று வாரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. தன் பணம் மருமகள் பணத்துக்குக் குறுக்கே நிற்கிறதே என்று அத்தைக்கு வெட்கம், எனக்கு எரிச்சல். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதற்கு முன்பே ஒரு ரூபாய் வந்தது, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. பிறகு 1,000 வந்தது. மெசேஜை அத்தைக்கு வாசித்துக் காட்டி முடிப்பதற்குள் அடுத்த மெசேஜ்: குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று 590 ரூபாய் பிடித்தம். ஆயிரம் ஏறின அன்றே 410 ஆகிவிட்டது. பலருக்கும் இப்படி ஆகி, பிடிக்கக் கூடாது என்று அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரிக்கும் அளவுக்குப் போனது. எனக்குப் பிடித்தது திரும்பி வரவில்லை. ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று தொடங்கி அதற்கு மாற்றிக்கொண்டேன். இனிமேல் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

எனக்கு ஏ.டி.எம். கார்டு உண்டு. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் முக்கூடல் போய் எடுத்து வரக் காசு செலவில்லை. அத்தை பாடுதான் திண்டாட்டம். அவர்கள் பென்ஷன் (அந்த ஆகஸ்டில்தான் 1,000 என்பது 1,200 ஆனது) கைரேகை மெஷினில் வருகிறது. மெஷின் கொண்டு வருகிற தம்பி பொறுமைசாலி. கட்டைவிரலைத் துணியில் துடைக்கச் சொல்வான். பிறகு, "ஆச்சி, நெத்தியில தேச்சுட்டு வைங்க" என்பான். தேய்த்து வைத்தாலும் சிவப்பு லைட்தான் எரியும். ஐம்பது வருஷம் இலையை உருட்டி உருட்டி அந்த விரல் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கும். "ரேகைய பீடிக் கம்பெனிக்குக் குடுத்துட்டேம்ல, ஒனக்கு எங்கயிருந்து குடுக்க?" என்று ஒரு நாள் அத்தை கேட்டார்கள். அவன் சிரித்தான், நான் என் விரலைப் பார்த்துக்கொண்டேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, பெரும்பாலும் இடது மோதிரவிரலில்தான் காசு வரும்.

இனி வட்டிக் கணக்கு. நான் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான்.

2022-ல் இளையவள் சடங்குக்கு ஓர் அண்ணாச்சியிடம் 10,000 வாங்கினேன். நூற்றுக்குப் பத்து. அதாவது மாதம் ஆயிரம், வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. 2017-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் ஒரு குடும்பமே பிள்ளைகளோடு தீயில் கருகியது, நாடே பார்த்தது. ஆனாலும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் கதவைத் தட்டச் சட்டத்துக்கு வீடு கிடையாது, அண்ணாச்சிக்கு உண்டு. அவரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை, போனது நான்தான்.

ஆக, உரிமைத் தொகை வந்த முதல் ஐந்து மாதமும் பெரும்பாலும் என் கையைத் தொட்டுவிட்டு அவர் கைக்குப் போய்விட்டது. 15-ம் தேதி சாயங்காலமே வண்டிச் சத்தம் கேட்கும். எங்களுக்கு முன்னால் அவருக்குத் தேதி மனப்பாடம். குழு லோன்காரர்களும் தவணையைப் பதினைந்து, பதினாறுக்கு மாற்றிக்கொண்டார்கள். பலசரக்குக் கடை நோட்டிலும் அப்படித்தான்.

2024 ஜனவரியில் எங்கள் தெரு மதினி ஒருத்தி குலுக்கல் சீட்டுக்கு ஆள் சேர்த்தாள். மாதம் 1,000, இருபது பேர், இருபது மாதம். பதிவு செய்யாத சீட்டுதான், ஆள் ஓடிவிட்டால் அழ வேண்டியதுதான். அதற்கு முன் இரண்டு தடவை நான் கேட்டும் அவள் என்னைச் சேர்க்கவில்லை. பீடிக் கூலி வாரக் கூலி. இலை மோசமாக வந்தால் கழிவு கூடும், இல்லையென்றால் கடையில் இலையே குறைத்துப் போடுவார்கள். "எந்தத் தேதிக்கு ஒன் கையில ரூவா இருக்கும், சொல்லு" என்பாள். என்னால் சொல்ல முடியாது. இந்தத் தடவை அவளே வாசலுக்கு வந்தாள். "பதினாறாந்தேதி சீட்டு. பீடிக் காசுல வட்டியக் கட்டு, கவர்மெண்டு காசச் சீட்டுல போடு. ஒரு வருசம் வயித்தக் கட்டு, முதல அடைச்சிரலாம்."

இந்த ஆயிரத்தைப் பற்றி யார் எழுதினாலும் தொகை காணுமா காணாதா என்றுதான் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தொகையைவிடத் தேதிதான் பெரிசாகத் தெரிகிறது. என் கல்யாணத்துக்கு அப்புறம் இன்ன தேதிக்கு இவ்வளவு என்று என் பெயரில் வந்த முதல் காசு இது. அதை வைத்துத்தான் அந்த மதினி என்னை நம்பினாள்.

ஏழாவது மாதம், 2024 ஆகஸ்ட். மதினி வீட்டுத் திண்ணையில் செம்புக்குள் துண்டுச் சீட்டைப் போட்டுக் குலுக்கி, அவள் பேத்தியை எடுக்கச் சொன்னார்கள். பிள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது, தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்தவள் வாங்கி வாசித்தாள். என் பெயர். எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது. நாற்பது ஐந்நூறு ரூபாய்த் தாள், சேலையில் முடிந்தால் முடிச்சு நிற்கவில்லை. ராத்திரி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்தேன்.

காலையில் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். 10,000-ஐ எண்ணி வைத்ததும் அவர் சொன்னார்: "எதுக்கும்மா அவசரம், இருக்கட்டுமே." கடன் கொடுத்த காலத்திலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. புரோ நோட்டை வாங்கி வந்து அடுப்பில் போட்டேன். அதுவரை கட்டிய வட்டி 26,000. வாங்கியது பத்து. மீதிப் பணத்தில் அடகில் கிடந்த கம்மல் வந்தது, இளையவளுக்குக் கண்ணாடி வந்தது. போர்டு தெரியவில்லை என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சில் உட்காரு என்று நானும் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி குறைகள். வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறேன். 2023 நவம்பரில் தீபாவளிக்காக 10-ம் தேதியே போட்டுவிட்டார்கள். நான் பதினைந்தை நினைத்துக்கொண்டு பீடியில் இருந்தேன். வீட்டுக்காரர் கார்டை எடுத்துப் போய் ஐந்நூறை உருவிவிட்டார். எங்கே போயிருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. அன்றைக்கே பின் நம்பரை மாற்றினேன். அது சின்ன விஷயம். பெரிய விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. சம்பளத்தில் வீட்டுக்குத் தருவதைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கேட்டால், "ஒனக்குத்தான் கவர்மெண்டு குடுக்குல்லா?" கவர்மெண்டு எனக்குக் கொடுத்ததில் பாதி இப்படி அவருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சீட்டு விழுந்த பிறகு ஓரளவு சரியானார். முழுக்கச் சரியானார் என்று எழுதினால் தெருவில் சிரிப்பார்கள்.

இன்னொரு குறை, 1,000 2023-லும் 1,000, 2025-லும் 1,000. கேஸ் சிலிண்டர் 2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறியது. ஒரு சிலிண்டரும், தூக்கி வருகிற தம்பிக்குக் கொடுப்பதும் போனால் மிச்சம் ஒரு கிலோ மீனுக்குக் காணாது.

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்கா கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நிவாரணம் 6,000 ரேஷன் கடையில் ரொக்கமாக வந்தது. கார்டோடு வரிசையில் நின்றது அத்தான், வாங்கியதும் அவர்தான். வீட்டுக்கு வந்து சேர்ந்தது நாலாயிரத்துச் சொச்சம். அவளுக்கு அந்தச் சமயத்தில் ஆயிரத்தைவிட ஆறாயிரம்தான் உயிர், அதை மறுக்கவில்லை. ஆனால் யார் கையில் வந்தது என்பதும் இருக்கிறதே. டிசம்பர் மாத ஆயிரம் வெள்ளத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவள் கணக்கில் ஏறியிருந்தது. அரிசியும் மண்ணெண்ணெயும் அதில்தான் வாங்கியிருக்கிறாள்.

நூறு நாள் வேலையையும் சொல்ல வேண்டும். 2024-25-ல் நாள் கூலி 319. வெயிலில் நின்று செய்த வேலைக்கு மாதக்கணக்கில் கூலி வரவில்லை. தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி பாக்கி என்று 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உழைத்த காசு வராமல், உழைக்காத காசு தேதி தவறாமல் வந்தது எங்கள் தெருவில் பெரிய வேடிக்கைப் பேச்சு. "மம்பெட்டியக் கீழ போட்டாத்தான் ரூவா வரும் போல" என்றாள் ஒரு பெரியம்மை.

கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். 1 கோடியே 63 லட்சம் பேர் எழுதிக் கொடுத்ததில் முதலில் கிடைத்தது 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் பேருக்கு. பக்கத்து வீட்டு மதினிக்கு இல்லை. அவள் புருஷன் பெயரில் கார் இருக்கிறதாம். சினேகிதன் ஒருவன் வாங்கிய பழைய காருக்கு இவர் பெயரைக் கொடுத்திருக்கிறார், அவள் அதில் ஒரு நாள் ஏறியதுகூட இல்லை. 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் மறுபடி மனுக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு 15-ம் தேதியும் என்னைப் பார்த்தால் அவள் முகம் கொஞ்சம் திரும்பும். ஒரு கார்டுக்கு ஒருத்திதான் என்பதால் மாமியாருக்கா மருமகளுக்கா என்று கார்டையே பிரித்த வீடும் எங்கள் ஊரில் உண்டு. கார்டு பிரிந்த மூன்றாம் மாதம் அடுப்பும் பிரிந்தது.

மூத்தவள் இந்த வருஷம் பேட்டை ராணி அண்ணா கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கும் ஆயிரம். அதில் ஐந்நூறைத் தரச் சொல்லிக் கேட்டேன். "ஒங்க ரூவாய நான் கேட்டனா?" என்றாள். கோபம் வந்தது. அத்தை மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

2025 செப்டம்பரோடு சீட்டு முடிந்தது. இருபதாவது தவணையும் என் 25-வது ஆயிரமும் ஒரே மாதம். வருகிற அக்டோபர் பதினைந்தில் வரப்போவதற்கு வட்டி இல்லை, சீட்டு இல்லை, யாருக்கும் சொன்ன சொல் இல்லை. அத்தை மிக்ஸி என்கிறார்கள். இளையவள் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடிக் காலை நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று சாயங்காலம் சீட்டு மதினி நோட்டோடு வந்தாள்.

"பதினாறாந்தேதி அடுத்த சீட்டு ஆரம்பம். ஒம் பேர எழுதிட்டேன்."

"ஒரு மாசம் விடுங்க மதினி," என்றேன். "கையில வச்சிப் பாக்கேன்."