யூரெயில் பாஸா, தனி டிக்கெட்டா, சுவிஸ் பாஸா?

ஐரோப்பிய ரயில்களில் பயணிக்க உதவும் யூரெயில் குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஆனால் அந்த 33-ஐ நம்பி வாங்காதீர்கள். நீங்கள் ஏறப்போகும் ரயில்கள் எவை என்று முதலில் எழுதிப் பாருங்கள். பாஸ் லாபமா நஷ்டமா என்பது அதில்தான் இருக்கிறது.

இந்தியாவிலோ இலங்கையிலோ வசிப்பவருக்கு யூரெயில். லண்டனிலோ பாரிஸிலோ குடியிருக்கும் தமிழருக்கு இன்டர்ரெயில், அதாவது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான அதே வகைப் பாஸ். கடவுச்சீட்டை விட வசிப்பிடம்தான் இங்கே முக்கியம். இன்டர்ரெயிலில் வசிக்கும் நாட்டுக்குள் கிளம்ப ஒரு நாள், திரும்ப ஒரு நாள் மட்டுமே பாஸ் செல்லும்.

பாஸும் தனி டிக்கெட்டும்

ஒரு மாதத்துக்குள் எந்த 4 நாளிலும் பயணிக்கலாம் என்ற பாஸ், இரண்டாம் வகுப்பில் பெரியவருக்கு 280 யூரோவை ஒட்டி வரும். அதாவது நாளுக்கு 70 யூரோ. உங்கள் பயண நாளின் டிக்கெட் அதற்குக் கீழே கிடைத்தால் பாஸ் நஷ்டம். மூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போன்ற ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஒரு பயண நாளைச் செலவழிப்பது வீண். அதற்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூன்றிலும் அதிவேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குக் கட்டணமும் தனி. லண்டனைப் பாரிஸோடு இணைக்கும் யூரோஸ்டார் ரயிலில் சிக்கல் இன்னும் கூடுதல்: பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவு. ரயிலில் இடம் இருக்கும், பாஸுக்கு இருக்காது. தேதி உறுதியாகத் தெரிந்தால் இந்த நாடுகளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தனி டிக்கெட் வாங்குவதுதான் நல்லது. பிரான்ஸின் மலிவு ரயிலான உய்கோவில் பாஸ் செல்லவே செல்லாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் கதையே வேறு. ஜெர்மனியின் ஐசிஇ, ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட் ஆகிய இரண்டு அதிவேக ரயில்களிலும் உள்நாட்டுப் பயணத்துக்கு முன்பதிவு தேவையில்லை. காலையில் மழை என்றால் மாலை ரயிலில் போகலாம். மலிவு விலை முன்கூட்டிய டிக்கெட் அந்த ஒரு ரயிலோடு கட்டிப்போட்டுவிடும். பாஸுக்கு உண்மையான பலம் இங்கேதான்.

குழந்தைகளோடு போகிறவர்கள் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஒரு பெரியவரோடு 4 முதல் 11 வயது வரையுள்ள இரண்டு பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம். முன்பதிவுக் கட்டணம் மட்டும் பிள்ளைகளுக்கும் உண்டு.

சுவிட்சர்லாந்து மட்டும் என்றால்

சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். நகர டிராம், அஞ்சல் பேருந்து, ஏரிப்படகு, ரிகி மலை ரயில், அருங்காட்சியகங்கள் எல்லாம் இதில் அடக்கம். யூரெயிலில் டிராமும் பேருந்தும் கிடையாது. யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்கு இரண்டு பாஸிலும் முழு இலவசம் இல்லை. மலைக்காட்சிகளுக்குப் பேர்போன கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயிலிலும் இரண்டு பாஸுக்குமே இருக்கைக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வட்டார ரயிலில் அது வேண்டியதில்லை, ஜன்னலையும் திறக்கலாம்.

ஏறும் முன்

மொபைல் பாஸ் 'ரெயில் பிளானர்' செயலியில் இருக்கும். ஏறப்போகும் ரயிலைத் தேடி, 'என் பயணம்' பகுதியில் சேர்த்து, பக்கத்திலுள்ள பொத்தானைத் தள்ளினால்தான் அன்றைய பயண நாள் பதிவாகும். கியூஆர் கோடும் அதன் பிறகே வரும். இதைப் பெட்டிக்குள் ஏறிய பிறகு செய்யலாம் என்று விடாதீர்கள். பதிவில்லாத பயணம் டிக்கெட் இல்லாத பயணம், பரிசோதகர் அபராதம் போடலாம். மூன்று நாளுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தோடு இணைய வேண்டும். சுரங்கப்பாதைகளில் சிக்னல் போய்விடும் என்பதால் காலையில் விடுதியிலேயே கியூஆர் கோடைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயண நாள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ரயிலுக்கு ஏறும் நாள் மட்டுமே கணக்கு. ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு இறங்கி வேறு ரயில் மாறினால் இன்னொரு நாள் போய்விடும். படுக்கைக்கான கட்டணமும் பாஸில் சேராது.