பிஎச் மீட்டரும் ஆர்னால்ட் பெக்மனும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஊறுகாய், பழச்சாறு, சாஸ் மாதிரிகளைச் சோதிக்கும் உணவு ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே தினமும் கை படும் கருவி மேசை மேல் வைக்கும் பிஎச் மீட்டர். பிஎச் என்பது அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். எங்கள் வேலையில் 4.6 என்ற எண்தான் எல்லைக்கோடு. புளிப்பு அந்த அளவுக்குக் குறைந்து பிஎச் 4.6க்கு மேல் போனால், மூடிய பாட்டிலுக்குள், கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமி வளர வழி உண்டு. 4.2 என்று காட்ட வேண்டிய மாதிரி 4.7 என்று காட்டினால் அந்தச் சரக்கு வெளியே போகாது. அதனால் இந்தக் கருவியை நம்புவதும் சந்தேகப்படுவதும் எங்களுக்குத் தினசரி வேலை.

இதன் நிறை குறைகளை எழுத உட்கார்ந்தால், இதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த மனிதரை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆர்னால்ட் பெக்மன், 1900 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கல்லம் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சுற்றிலும் பிரெய்ரி சமவெளி, சோள வயல்கள். ஊரில் சுமார் 500 பேர். அப்பா கொல்லர். ஒன்பது வயதில் வீட்டுப் பரணில் கிடந்த பழைய வேதியியல் பாடநூல் பையன் கையில் சிக்கியது. அதில் இருந்த சோதனைகளைச் செய்து பார்க்க ஆரம்பித்தான். பத்தாவது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு சின்னக் கொட்டகையையே ஆய்வகமாகக் கொடுத்துவிட்டார். 1912இல் அம்மா நீரிழிவு நோயில் இறந்தார். பிறகு குடும்பம் அதே மாநிலத்தில் நார்மல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே படித்துக்கொண்டே ஊமைப்படம் ஓடும் கொட்டகையில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார்.

இல்லினாய் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து கலிபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கல்விக்கூடத்துக்குப் போனவர், நடுவில் இரண்டு வருடம் தொலைபேசி ஆராய்ச்சி செய்த பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். வெற்றிடக் குழாய் (டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் மின்சைகையைப் பெருக்கப் பயன்பட்ட கண்ணாடிக் குழாய்) மின்னணுவியல் அங்கேதான் அவருக்குப் பழக்கமானது. என் பார்வையில் அவர் வாழ்க்கையின் திருப்பம் இதுதான். கொல்லுப்பட்டறையில் வளர்ந்த கை, வேதியியல் படிப்பு, மின்னணு அறிவு மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால்தான் அடுத்து வந்த காரியம் அவருக்குக் கைகூடியது.

1934இல், சன்கிஸ்ட் எலுமிச்சை விவசாயிகள் கூட்டுறவில் வேலை பார்த்த பழைய கல்லூரி நண்பர் கிளென் ஜோசப் அவரைத் தேடி வந்தார். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டும். சாறு கெடாமல் இருக்கச் சேர்த்திருந்த கந்தக டை ஆக்ஸைடு லிட்மஸ் நிறத்தை வெளுக்க வைத்தது. பிஎச் அளக்கக் கரைசலில் முக்கும் மின்முனையான ஹைட்ரஜன் எலெக்ட்ரோடையும் கெடுத்தது. முனையில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் உள்ள கண்ணாடி எலெக்ட்ரோடு வேலை செய்தது. ஆனால் கண்ணாடி மின்சாரத்தை லேசில் விடாது. அதன் தடை பல கோடி ஓம். வருகிற துளி மின்னோட்டத்தை, மின்னோட்டம் அளக்கும் கால்வனோமீட்டர் உணர வேண்டுமானால் குமிழை மிக மெல்லியதாக ஊத வேண்டும், ஊதினால் உடையும்.

பெக்மன் என்ன செய்தார் என்றால், கால்வனோமீட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியை வைத்தார். சின்ன மின்னோட்டமே போதும் என்று ஆனதும் குமிழைக் கொஞ்சம் தடிமனாகவே செய்ய முடிந்தது. சில மாதத்தில் ஜோசப் திரும்பி வந்து இன்னொன்று வேண்டும் என்றார். கூட வேலை செய்பவர்கள் முதல் கருவியை இரவல் வாங்கிக்கொண்டே இருந்தார்களாம். ஒரு கருவிக்கு இதைவிட நல்ல பயனர் மதிப்புரை எனக்குத் தெரிந்து இல்லை.

எலெக்ட்ரோடு, பெருக்கி, மீட்டர் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் வைத்து 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 195 டாலர். 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அது பெரிய பணம். பிலடெல்பியாவின் ஒரு பெரிய ஆய்வகப் பொருள் வியாபாரி பத்து வருடத்தில் 600 விற்கலாம் என்று மதிப்பிட்டார். 1936 என்ற ஒரே வருடத்திலேயே 400க்கு மேல் விற்றன.

சரி, என் மேசைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது அவர் நிறுவனத்தின் கருவி அல்ல, உள்ளே இருப்பதும் வெற்றிடக் குழாய் அல்ல. ஆனால் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகு மாறினால் எலெக்ட்ரோடின் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். அந்த மின்னழுத்தத்தைக் குறைத்துவிடாமல் அளப்பது மட்டுமே பெட்டியின் வேலை. பெட்டி இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட என்னைக் கைவிட்டதில்லை. தொல்லை எல்லாம் எலெக்ட்ரோடில்தான்.

எங்கள் மாதிரிகளில் மிளகாய் எண்ணெய் பெரிய எதிரி. மாங்காய் ஊறுகாயை அரைத்துப் போட்டு அளந்த பிறகு குமிழை வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பாக மெல்லிய படலம் தெரியும். அதோடு அடுத்த மாதிரியில் வைத்தால் எண் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும், நிற்காது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால் அது போகாது. மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கண்ணாடியில் நிலைமின்சாரம் ஏறி எண் தள்ளாடும். தயிர், மோர் மாதிரிகளில் புரதம் போய் எலெக்ட்ரோடின் ஜங்ஷனை (உள்ளே இருக்கும் கரைசல் மாதிரியைத் தொடும் நுண்துளைப் பகுதியை) அடைக்கும். அதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சின் கலந்த கரைசல்தான் மருந்து.

புதிதாகச் சேர்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, எலெக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைக்காதீர்கள் என்பதுதான். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். உள்ளே கரைசல் ஊற்ற மேலே துளை உள்ள எலெக்ட்ரோடாக இருந்தால், அளக்கும்போது அதைத் திறந்து வையுங்கள். தினமும் பிஎச் 4, பிஎச் 7 என்று பிஎச் தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களில் கேலிபிரேட் செய்து, ஸ்லோப் (ஒரு பிஎச் அலகுக்கு வரவேண்டிய மில்லிவோல்ட்டில் எவ்வளவு வருகிறது என்பது) எத்தனை சதவீதம் என்று நோட்டில் எழுதுங்கள். 95க்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் சுத்தம் செய்யுங்கள், ஏறாவிட்டால் மாற்றுங்கள். அப்புறம், தானாக வெப்பநிலையைச் சரிசெய்யும் வசதி எலெக்ட்ரோடின் ஸ்லோப்பை மட்டுமே சரிசெய்யும். சூடான சாற்றின் பிஎச், அறை வெப்பநிலையில் எவ்வளவாக இருக்கும் என்று அது சொல்லாது. மாதிரியை ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும்.

பெக்மன் பிஎச் மீட்டரோடு நிற்கவில்லை. 1941இல் அவர் நிறுவனம் ஒரு பொருள் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் டியூ ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை விற்க ஆரம்பித்தது. அதற்கு முன்பு உணவில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று அறிய எலிகளுக்கு வாரக்கணக்கில் ஊட்டிப் பார்த்தார்கள். அந்த வேலை சில நிமிடத்துக்கு வந்தது. உணவு ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தை எதிர்த்த முயற்சியிலும் அவர் பங்கு உண்டு. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியின் குறைக்கடத்தி ஆய்வகத்துக்குப் பணம் போட்டவரும் அவரே. 2004இல், 104 வயதில் காலமானார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: வீட்டில் தோட்டத் தண்ணீருக்கும் மீன் தொட்டிக்கும் பேனா மாதிரி வரும் சின்ன மீட்டரே போதும். உணவுப் பொருள் தயாரித்து விற்கிறீர்கள் என்றால் மேசை மாடல் வாங்குங்கள். எலெக்ட்ரோடைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரை பெரியதா, புளூடூத் உண்டா என்பதற்கெல்லாம் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் கூரான முனை உள்ள எலெக்ட்ரோடு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்; மாங்காய்த் துண்டுக்குள் நேரடியாகக் குத்தி அளக்கலாம்.