கன்னி நாய்க்குட்டி தேடுகிறவர்கள் படிக்கவும்: என்னுடைய 14,500 ரூபாய் போன விதம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், குட்டி விற்ற ஆளுக்கு வேண்டியதும் அதுதான். கன்னி மாதிரி நாட்டு வேட்டை நாய்க்குட்டி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஆத்தூர் பக்கம் மக்காச்சோளக் காடும் கொஞ்சம் ஆடுகளும் இருக்கின்றன. ராத்திரி பட்டியைச் சுற்றி ஓட ஒரு நாய் வேண்டும். அம்மாவுக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மாமா வீட்டில் எப்போதும் கன்னி நாய் நிற்கும். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே செம்பட்டைப் பொட்டு, ஒட்டிய வயிறு. குட்டி போட்டால் சொந்தத்துக்குள்தான் கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். மாமா காலத்தோடு அந்த வழி அடைபட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாட்டு நாய்களைப் பெயர் சொல்லிப் பேசினார் இல்லையா, அதிலிருந்து கேட்கிற விலையே வேறு.

பழைய பைக் முதல் கறவை மாடு வரை விற்கும் ஒரு செயலியில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். பெட்டைக் குட்டி, அசல் கன்னி, இரண்டு மாதம், தடுப்பூசி போட்டது, 12,000 ரூபாய். படத்தில் முன்னங்கால் விரலில் ஒரு வெள்ளைப் புள்ளி.

போன் போட்டேன். எடுத்தவுடன் விலை பேசியிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். அவன் என்னைத்தான் விசாரித்தான். "அண்ணாச்சி, காடு எவ்வளவு? பகல் முழுக்கச் சங்கிலியில கட்டிப் போட மாட்டீங்களே? கட்டிப் போட்டா இது கெட்டுப்போகும், தர மாட்டேன்." அப்புறம் தீனி. காலையில் கேப்பைக்கூழில் மோர் விட்டு, சாயங்காலம் சோற்றோடு ஈரலோ முட்டையோ. "விலா எலும்பு ரெண்டு மூணு தெரியணும். யாராச்சும் மெலிஞ்சிருக்குன்னு சொன்னா காதுல வாங்காதீங்க." படுக்கையைப் பற்றிக் கேட்டேன். வெறும் சிமெண்டுத் தரையில் விடக்கூடாது, உடம்பில் சதையும் முடியும் கம்மி, முட்டியில் தோல் தடித்துப் புண்ணாகும்; வைக்கோலைப் பரப்பி மேலே சணல் சாக்கு போட்டு, வாரம் ஒருமுறை வெயிலில் உதற வேண்டும் என்றான். அத்தனையும் சரி. மாமா சொன்னதே இதுதான். பேச்சும் அம்மா ஊர்ப் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நம்ம ஊர்ப் பையன்டா, அனுப்பு" என்றாள். 12,000, அதோடு பஸ்ஸில் ஏற்றிவிட 2,500. மொத்தம் 14,500 ரூபாய்.

மே 4-ஆம் தேதி விடிகாலை, பைபாஸில் ஆம்னி பஸ் நின்றது. கிளீனர் வலை கட்டிய ஒரு தக்காளிக் கிரேட்டை இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே சாக்கும் இல்லை, பேப்பரும் இல்லை. தன் மூத்திரத்திலேயே நனைந்துபோய் ஒரு சாம்பல் நிறக் குட்டி. கழுத்தைச் சுற்றி வெள்ளை. வயிறு பூச்சி வைத்து உப்பியிருந்தது. பொட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. பெட்டைகூட இல்லை, கடுவன்!

போன் செய்தேன். "வளர வளர கலர் மாறும் அண்ணாச்சி." கடுவன் பெட்டையாகவும் மாறுமா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

ஓட்டத்துக்காகக் கிரேஹவுண்டு, விப்பெட் என்ற வெளிநாட்டு நாய்களைக் கலந்து வளர்ப்பவர்கள் இங்கே நிறைய. கலப்பு என்று சொல்லி விற்றால் எனக்கு ஒன்றுமில்லை, அதுவும் நல்லாவே ஓடும். கலப்பை அசல் என்று சொல்லி விற்பதுதான் அயோக்கியத்தனம்.

அந்த வாரமே குட்டி வாந்தி எடுத்தது, பிறகு ரத்தபேதி. டாக்டர் பார்வோ என்றார், குட்டிகளைக் கொல்லும் தொற்று வைரஸ் நோய். தடுப்பூசி கார்டைக் காட்டினேன். முதல் ஊசி போட்ட தேதி மார்ச் 12. ஸ்டிக்கரின் ஓரம் ஏற்கனவே ஒருமுறை உரித்து ஒட்டியதுபோல் சுருண்டிருந்தது. டாக்டர் குட்டியின் வாயைத் திறந்து கடைவாய்ப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். "பால் பல்லே முழுசா வரல. வந்தப்போ ஆறு வாரம்கூட ஆகியிருக்காது." அப்படியென்றால் ஊசி போட்டதாக எழுதியிருக்கிற அன்றைக்கு இந்தக் குட்டி பிறந்திருக்கவே இல்லை.

மறுபடியும் கூப்பிட்டால், "பயணத்துல சூடு பிடிச்சிருக்கும், உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுங்க" என்கிறான். பிறகு, "அதைத் திருப்பி அனுப்புங்க, வேற குட்டி தாரேன், பஸ் காசு 2,500 மட்டும் போடுங்க." நிற்க முடியாத குட்டியை இன்னொரு தடவை கிரேட்டில் போட்டு அனுப்ப வேண்டுமாம், அதற்கும் நானே காசு கொடுக்க வேண்டுமாம். இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். செயலிக்காரர்களிடம் புகார் செய்தால், "விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று தானாக வரும் பதில். திரும்பக் கேட்டாலும் அதே பதில், கீழே சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு கேள்வி. அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதே வெள்ளைப் புள்ளி. விலை மட்டும் 13,000 ஆகியிருக்கிறது. 14,500 ரூபாய்! இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கலாம். வைத்தியச் செலவை நான் இன்னும் கூட்டியே பார்க்கவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், குட்டிக்கு டிரிப்ஸ் ஏற்ற நேரமாகிவிட்டது. தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாய் நாயை நேரில் பார்க்காமல் பணம் போடாதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது, நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017-ஆம் வருட விதியிலேயே இருக்கிறது. விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், அந்தச் சான்றைக் கேளுங்கள். கார்டில் டாக்டர் முத்திரை இல்லையென்றால் அது வெறும் அட்டை. பார்வோ வந்த இடத்தைச் சாதாரண பினாயிலால் கழுவிப் பிரயோஜனமில்லை, பிளீச்சிங் பவுடர்தான். சாக்கு, வைக்கோலை எரித்துவிடுங்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், அவசரப்பட்டு அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன். மார்ச் 12 தேதியிட்ட கார்டோடு வேறு யாருக்காவது குட்டி வந்திருந்தால் கார்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.