கரையை உயர்த்துவதா, ஆற்றுக்கு இடம் விடுவதா?

1995-இல் ரைன் ஆற்றின் கிளைகள் பெருக்கெடுத்தபோது, நெதர்லாந்தில் சுமார் 2,50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பெரிய கரைகள் தாங்கி நின்றன. ஆயினும், அவை உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அச்சம், வெள்ளத்துக்குப் பின் கரையை உயர்த்தும் பழைய வழக்கத்தையே கேள்விக்குள்ளாக்கியது.

கரையை உயர்த்தக் கூடுதல் நிலம் அதிகம் வேண்டியதில்லை. ஆனால் நெருக்கப்பட்ட ஆற்றில் நீர்மட்டம் மேலும் ஏறும். கரை எவ்வளவு உயரமோ, அது உடையும் நாளில் அழிவும் அவ்வளவு பெரிது.

இடம் விடுவது எப்படி என்பதை நைமேகன் நகரில் காணலாம். வால் என்னும் கிளையாறு வளைந்து குறுகும் அவ்விடத்தில், எதிர்க்கரையை ஏறத்தாழ 350 மீட்டர் நிலப்பக்கமாகத் தள்ளி, புதிய கால்வாய் ஒன்றையும் வெட்டியதால், பெருவெள்ளத்தின்போது நீர்மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் குறையும். இரு நீரோட்டங்களுக்கும் நடுவே ஒரு தீவும் உருவாகியிருக்கிறது. இதற்காகச் சுமார் 50 வீடுகள் இடிக்கப்பட்டன. அதைச் சொல்லாமல் இத்திட்டத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

இருந்தும், மழையும் ஆற்றுப் பெருக்கும் பழைய கணக்குகளை மீறும் காலத்தில், நிலம் கிடைக்கும் இடங்களிலெல்லாம் இரண்டாவது வழியையே நான் ஆதரிப்பேன். நெருக்கமான நகரங்களில் கரையை வலுப்படுத்துவது இன்னும் தேவைதான். அதே நாட்டின் ஓவர்டீப்ஸ என்னும் தாழ்நிலத்திலோ ஆற்றோரக் கரையைத் தாழ்த்தி, வெள்ளத்தை வயலுக்குள் விட ஒப்புக்கொண்டு, அங்கேயே தங்கிய உழவர்கள் மண்மேடுகளின் மேல் புதிய பண்ணை வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.