ஏற்காட்டுக் காபிப்பொடி: எதற்கு இந்த ஐந்து நட்சத்திரம்?

ஏற்காடு டவுனில் நான் பொடி வாங்கும் கடை நல்ல கடை. ஆனால் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்கள் தப்பான காரணத்துக்காக ஆடுகிறார்கள். 'இப்படி ஒரு காபியைக் குடித்ததே இல்லை' என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த என் அக்கா மகளோ ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓவர்ரேட்டட் சித்தி" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. நான் சேலம் அம்மாபேட்டையில் சின்ன மெஸ் நடத்துகிறேன். விடிந்தால் பில்டர் முகத்தில்தான் விழிக்கிறேன்.

கடை வாசலிலேயே ருசி பார்க்க ஒரு சின்ன டம்ளர் காபி கொடுக்கிறார்கள். மயக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கெட்டிப் பால், கள்ளிச்சொட்டு டிக்காஷன், கையில் குளிர். இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி வந்து இறங்கியவருக்கு வெறும் வெந்நீர் கொடுத்தாலும் அமிர்தமாகத்தான் இருக்கும். அந்தக் காபிக்கு என்ன பொடி என்று கேட்டேன். அறுபதுக்கு நாற்பது. அதாவது நூறு கிராம் பொடியில் நாற்பது கிராம் சிக்கரி.

சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிக்காஷன் கறுத்துத் தடித்து இறங்கும், லேசாக ஒரு இனிப்பும் சேரும். காபியின் வாசனையோ காபீனோ அதில் கிடையாது. நம் நாட்டில் அது பெரும்பாலும் குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. ஆக, 'ஏற்காட்டு மண்ணின் ருசி' என்று எழுதுகிறவர் பாராட்டுவதில் பெரும்பங்கு குஜராத் மண்ணுக்குப் போகிறது. இதில் கடைக்காரர் ஏமாற்றுவதாகச் சொல்ல முடியாது. சிக்கரி 49 சதவீதம் வரை சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. எவ்வளவு சேர்த்தது என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும், அவரும் அச்சிட்டிருக்கிறார். யார் படிக்கிறார்கள்?

அங்கே உண்மையாகவே மதிக்க வேண்டியது கொட்டை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்தே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி இருக்கிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சில்வர் ஓக் நிழல், அதன் மேல் மிளகுக் கொடி என்று அராபிகா வகைக் காபிச் செடிக்கு ஏற்ற இடம். கடையில் 'பிளான்டேஷன் ஏ' (கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பெரிய கொட்டைத் தரம்) கேட்டால் கொட்டையைக் கையில் கொட்டிக் காட்டுகிறார்கள். உடைசல் இல்லை, வறுவல் ஒரே சீர். சிக்கரியே இல்லாமல் கால் கிலோ அரைக்கச் சொன்னேன். பையன் தயங்கினான். "அக்கா, டிக்காஷன் தண்ணியா இறங்கும். அப்புறம் எங்களைத் திட்டக் கூடாது."

தண்ணியாகத்தான் இறங்கியது. பில்டரில் வழக்கத்தைவிட ஒரு கை பொடி கூடப் போட்டு, லேசாக அழுத்தி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வாசனை! மூடியைத் திறந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. மெஸ்ஸிலும் ஒருநாள் அதையே போட்டேன். தறிக்குப் போகிற தம்பி ஒருவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னைக்குப் பொடி குறைச்சிட்டீங்களா?" என்றார். கூடப் போட்டிருந்தேன்! ருசி எப்படி என்று கேட்டேன். "ருசி நல்லாத்தான் இருக்கு, கலர்தான் இல்லை" என்றார். கலர் போதவில்லை என்று காசை யாரும் குறைத்துக் கொடுக்கவில்லை, அந்த வரைக்கும் சரி.

பீபெரி பற்றியும் சொல்ல வேண்டும். காபிப் பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும். சிலதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் பீபெரி. அரிதாகக் கிடைப்பதால் விலை கூட. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்கிறார்கள், இருக்கலாம். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற நமக்கு அதற்கும் பிளான்டேஷன் ஏ கொட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. வெளியூர்க்காரர்கள் கிலோ கிலோவாக அதைத்தான் வாங்கிப் போகிறார்கள்.

குறைகளும் உண்டு. மிஷினிலிருந்து சூடாக விழும் பொடியை ஆறவிடாமல் அப்படியே கவரில் கட்டிக் கொடுக்கிறார்கள். வறுத்த தேதி எங்கேயும் இல்லை. கேட்டால் "நேத்துதாங்க" என்பார்கள், எந்த நாள் கேட்டாலும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாருடைய பொடி யார் கவரில் போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சேலத்தில் வாங்குவதைவிட விலையும் கூட.

நான் வாங்குவது பிளான்டேஷன் ஏ, எண்பத்தைந்துக்குப் பதினைந்து, நடுத்தர வறுவல். தறிக்காரத் தம்பிக்காகத்தான் அந்தப் பதினைந்து. நீங்கள் போனால் வாரநாளில் காலையிலேயே போங்கள். அரைத்த பொடி சீக்கிரம் வாசனை இழந்துவிடும் என்பதால் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். வீட்டில் மிஷின் இருந்தால் கொட்டையாகவே வாங்குங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கூரியர் அனுப்ப மாட்டார்கள். மலைக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிடுவதுதான் வழி.