வில்லிஸ் ஜீப்பில் ஆல்கிட், பி.யூ. இரண்டும்: சில வருட அனுபவம்

என்னுடையது 1942 மாடல் வில்லிஸ் எம்பி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய ஜீப். பாடிக்கு மேட் ஆல்கிட் எனாமல் (தானே காய்கிற சாதாரண எனாமல் பெயின்ட்), ரிம்களுக்கும் சேஸிஸுக்கும் மேட் பி.யூ. (பாலியூரித்தேன், ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பெயின்ட்) என்று இரண்டு வகையையும் ஒரே வண்டியில் அடித்து, சில வருடங்களாக வெயில் மழை பார்க்காமல் ஓட்டுகிறேன். இரண்டின் குணமும் இப்போது நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

முதலில் நிறம். போர்க்காலத்தில் அமெரிக்கத் தரைப்படை வண்டிகளுக்கு அடித்தது ஆலிவ் டிராப் எண் 9, பளபளப்பே இல்லாத மேட். இன்று டப்பாக்களில் இருக்கும் 34087 மாதிரியான ஐந்து இலக்க எண்கள் ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற அமெரிக்க அரசின் நிறத் தொகுப்பில் வந்தவை. அந்தத் தொகுப்பு வந்ததே 1956-ல்தான். அதனால் போர்க்கால வண்டிக்கு அந்த எண்ணை மட்டும் நம்பி நிறம் முடிவு செய்யக் கூடாது. இன்னொன்று, அதில் முதல் இலக்கம் பளபளப்பைக் குறிப்பது: 1 கிளாஸ், 2 பாதிப் பளபளப்பு, 3 மேட். ராணுவ வண்டி என்றாலே மேட்தான் என்பதும் இல்லை. போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவ லேண்ட் ரோவர்களுக்குப் பளபளக்கும் டீப் புரோன்ஸ் கிரீன் (கரும் வெண்கலப் பச்சை) உண்டு.

எண்ணை விட வண்டியே நல்ல சாட்சி. கிளவ் பாக்ஸ் மூடியில் இருக்கும் தகவல் தகடுகளைக் கழற்றிப் பாருங்கள், அடியில் வெயிலே படாத பழைய பெயின்ட் இருக்கும். பலமுறை பெயின்ட் அடித்த பேனல் என்றால், வாட்டர் பேப்பரை நனைத்து ஒரு நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்த்தால் போதும். மேலே புதுப் பச்சை, அதற்குள் ஒரு சாம்பல், அப்புறம் ஆலிவ், நடுவில் அடிப்பூச்சான சிவப்பு பிரைமர் என்று ஒவ்வொரு அடுக்கும் வளையமாகத் தெரிய வரும். அந்த ஆலிவ் வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால், வெளுப்பு மறைந்து அசல் நிறத்துக்குப் பக்கத்தில் வரும். டியூப் லைட்டில் ஒத்துப்போகிற இரண்டு பச்சைகள் பகலில் வேறுவேறாகத் தெரியலாம், அதனால் ஒப்பிடுவதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கேயும் உலர்வாகத் தேய்க்க வேண்டாம், தூசி நேராக நுரையீரலுக்குப் போகும்.

மேட் பெயின்ட்டில் பாதி வேலை கலக்குவதில்தான். பளபளப்பைக் குறைக்கிற பொடி டப்பாவின் அடியில் களிமண் மாதிரி படிந்து கிடக்கும். தட்டையான பட்டையால் அடியைச் சுரண்டி மேலே கொண்டுவந்து, குச்சியைத் தூக்கினால் கட்டி இல்லாமல் வழியும்வரை கலக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் பேனல் மினுமினுக்கும், கடைசிப் பேனல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். வண்டிக்குத் தேவையான எல்லா டப்பாக்களையும் ஒரே பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிட்டே ஸ்ப்ரே கன்னைத் தொட்டேன். தின்னர் அளவு மாறினாலும் பளபளப்பு மாறும், அதனால் கண் மதிப்பு வேண்டாம், அளந்தே ஊற்றுங்கள்.

பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நிரந்தர ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடியது. சாதாரண மாஸ்க் இதற்கு ஈடுகொடுக்காது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். அந்த வசதி உள்ள இடத்தில் கொடுத்தே ரிம்மையும் சேஸிஸையும் முடித்தேன்.

சரி, வருடங்கள் போன பிறகு என்ன நிலைமை? பானெட்டில் ஆல்கிட் நன்றாகவே வெளுத்திருக்கிறது, விரலால் தேய்த்தால் லேசாகப் பொடி வருகிறது. ஏறி இறங்கும்போது கை பிடிக்கிற இடங்கள் தேய்ந்து பளபளக்கின்றன. இந்த இரண்டும் எனக்குக் குறையாகவே படவில்லை, பழைய ராணுவ வண்டி அப்படி இருந்தால்தான் அழகு. ஆனால் பெட்ரோல் விவகாரம் வேறு. இந்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, நிரப்பும்போது சிந்துகிற ஒவ்வொரு சொட்டும் அங்கேயே நிற்கும். அங்கே ஆல்கிட் இளகி உரிந்துவிட்டது. ரிம்மில் பி.யூ. இன்னும் புதுசாகவே இருக்கிறது, கிரீஸைத் துடைத்தால் போய்விடுகிறது.

ஆனால் கல் பட்டு பி.யூ. பெயர்ந்த இடத்தைத் திருத்தினால் ஒட்டுப் போட்டது தெரிகிறது. ஆல்கிட்டில் அந்தத் தொல்லை இல்லை. எடுத்துவைத்த அதே பெயின்ட்டைப் பிரஷ்ஷால் தொட்டு வைத்தால், சில மாதங்களில் சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்துவிடுகிறது. வெளுத்ததை மறைக்க எண்ணெய் தடவச் சொல்லுவார்கள். ஒரு வாரம் கருகருவென்று இருக்கும், அப்புறம் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான். அந்தப் பழக்கமே வேண்டாம்.

துரு விஷயத்தில் மேல் பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மேட் பெயின்ட் ஈரத்தை உள்ளே விடும், தகரத்தைக் காப்பது எபாக்ஸி பிரைமர்தான். பாடிக்கு அடியில் தாங்கிக் குழாய் மாதிரி ஓடுகிற பட்டைகளுக்குள் மரம் வைத்திருப்பார்கள். அது தண்ணீரைக் குடித்துவைத்து உள்ளிருந்தே அரிக்கும். அந்தப் பட்டைகளின் உட்புறம் வரை எபாக்ஸி போன இடங்களில் இன்றுவரை ஒரு கொப்புளம்கூட இல்லை.

மறுபடி அடிக்க நேர்ந்தாலும் பாடிக்கு ஆல்கிட்தான். சீட்டுக்கு அடியில் டேங்க் உட்காரும் பள்ளத்துக்கு மட்டும் பி.யூ. கொடுப்பேன், அதுவும் தரைப் பலகை வரை இறக்கி.